அனைத்துக்கட்சிக் கல்யாணம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பூப்பு நீராட்டு விழா இரண்டு, கண்ணீர் அஞ்சலி ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டு விநாயகர் ஒன்று. மதியத்துக்கு மேல் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் வந்தது. அதில்தான் குழப்பம்.

ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கிற இதாயத் பாய் கடையில் நான் உள் கம்ப்யூட்டரில் உட்காருகிறேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் யாரிடமும் பேசமாட்டேன் என்று தெரிந்ததும் பாய்தான் மேசையை அப்படித் திருப்பிப் போட்டார். எழுதிக் கொடுத்த தாளை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்றைய தாளில் மணமகன் முகிலன், வடமலை அவர்களின் மகன். மணமகள் சத்தியசீலன் அவர்களின் மகள். மேலே பெரிய எழுத்தில் 'அனைத்துக்கட்சித் தலைவர்கள் முன்னிலையில்' என்று வரவேண்டுமாம்.

இந்தச் சொல்லை நான் இதுவரை சாவுக்கு மட்டும்தான் டைப் செய்திருக்கிறேன். யாராவது பெரிய மனிதர் இறந்தால் அனைத்துக்கட்சி மௌன ஊர்வலம், அனைத்துக்கட்சி இரங்கல் கூட்டம். கல்யாணத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை. பாயிடம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடை மூடும் நேரத்தில் கேட்டேன்.

"கூட்டணின்னா எலெக்சனுக்கு முன்னாடி சேர்றது. அனைத்துக்கட்சின்னா எலெக்சன் கிட்டத்துல இல்லாதப்ப சேர்றது. அவ்ளோதாம்மா" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. சிரித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கரண்டு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கல்யாண விஷயத்தை வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நல்லது என்றால் ஏன் எழுந்தார்?

வடமலை அப்பாவின் கட்சிக்கு நகரச் செயலாளர். சத்தியசீலன் அவங்க கட்சிக்கு நகரச் செயலாளர். எங்கள் வீட்டில் அந்தக் கட்சியின் பெயரைச் சொல்வதில்லை. 'அவங்க' என்றால் புரிந்துவிடும். அப்பா கட்சியில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. கொடி கட்டுவார், சுவரொட்டி ஒட்டுவார், கூட்டத்துக்கு நாற்காலி போடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேரடி முனையில் கொடிக்கம்பம் நடுவதில் சண்டை வந்தது. அப்பா கட்சிக்காரர்கள் நட்டார்கள், அவங்க பிடுங்க வந்தார்கள். சோடா பாட்டில் பறந்தது. ஏகாம்பரம் மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. அவர் எங்கள் தெருக்காரர்தான், ஆனால் அவங்க கட்சி. மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் வேர்க்கடலை வண்டி தள்ளுகிறார்.

அப்பா பக்கத்தில் ஆறு பேர் மேல் வழக்கு. முதல் பெயர் முகிலன், கடைசிப் பெயர் அப்பா. வாய்தா வாய்தாவாக அலைந்ததில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை போனது. நான் பத்தாவதோடு நின்றேன்.

'மாமா' என்று எழுதிவிட்டேன். முன்பெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவேன். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கல்யாண ஃப்ளெக்ஸை முடித்தேன். கஷ்டம் என்னவென்றால், எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற படங்களில் அந்தந்தக் கட்சிக்காரர் அவரவர் ஃப்ளெக்ஸில் மலை மாதிரி இருப்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே உயரத்தில் நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தை மாதம் இறந்துபோன பெரிய டாக்டருடைய அனைத்துக்கட்சி மௌன ஊர்வலப் படம். அதையே எடுத்துக் கறுப்பை நீக்கி, ரோஸ் கலர் கொடுத்து, இரண்டு பக்கமும் மயில் வைத்தேன். எனக்கே பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று இரவே ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். காலையில் கடைக்கு வரும்போது தேரடி முனையில் கூட்டம் நின்று மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். ஊர்வலத்தன்று தலைவர்கள் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் மிளகு அளவுதான் இருந்தது. கட்சிச் சின்னம் என்று விட்டுவிட்டேன். இருபது அடி ஃப்ளெக்ஸில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. எட்டுத் தலைவர்களும் மயிலுக்கு நடுவில் கறுப்பு பேட்ஜோடு கைகூப்பி நின்றார்கள். சத்தியசீலன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணப் பெத்தவர்தானே, அழுதா என்னா தப்பு" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து மணிக்கு வடமலையே கடைக்கு வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பாயைக் கண்டபடி பேசினார். கருமாதிக்கு அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறாயே, எவன் செய்தது என்றார். பாய் தன் தப்பு என்றார். வடமலை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"நம்ம தர்மலிங்கம் பொண்ணு, செவ்வந்தி."

 வடமலையின் குரலே மாறிவிட்டது. "தர்மா பொண்ணா நீ. விடும்மா. சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்ட. வேற அடிச்சிக் கட்டிக்கலாம்" என்றார். என் தலையைக்கூடத் தொட்டார். அப்பா எப்படி இருக்கிறார், சாயங்காலம் வீட்டில் இருப்பாரா என்று விசாரித்தார்.

திட்டுவார் என்று நினைத்து அழத் தயாராக இருந்தேன். திட்டாததால் இன்னும் பயமாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வடமலை எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. அம்மா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டாள். அவர் குடிக்க என்னைக் கலர் வாங்கிவரச் சொன்னார்கள். கடையில் ரோஸ் இல்லை, ஆரஞ்சுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தபோது வடமலை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வந்துடு தர்மா. கொஞ்ச காலந்தான். வீட்ட நாங்க பாத்துக்கறோம். இது நான் தனியா எடுத்த முடிவில்ல. ரெண்டு கட்சியும் உக்காந்து பேசி எடுத்தது."

அப்பா, "சரிண்ணே" என்றார்.

எங்கே போய்விட்டு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வடமலை கலர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாத்திரங்களிடம் சொன்னாள். நான் கேட்டேன்.

இந்த மாதம் 28ஆம் தேதி கோர்ட்டில் ஏகாம்பரம் மாமா சாட்சி சொல்லப் போகிறார். பாட்டிலை எறிந்தது அப்பாதான் என்று அவர் கையைக் காட்டுவார். அப்பா மறுத்துப் பேசக்கூடாது. மற்ற ஐந்து பேரும் வெளியே வந்துவிடுவார்கள்.

"கண்ணு போனவனுக்கு யாரையாவது காட்டணும். இல்லன்னா அவங்க கட்சி ஆளுங்களே சத்தியசீலன சும்மா விடமாட்டானுங்க. முகிலன காட்ட முடியுமா? மாப்ள ஆயிட்டான். அப்ப யாரு மிச்சம்?" என்று குண்டானைத் தேய்த்தாள்.

அப்பா சுவரில் சாய்ந்தபடி, "ஏகாம்பரமே எம் பேரத்தான் சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம். கண்ணால பாத்தவனே சொன்னா நான் என்னா பண்றது" என்றார்.

"நீ எறிஞ்சியா?"

 நீ வடமலை மில்லில்தானே வேலை பார்க்கிறாய் என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். இருவரும் கேள்வி கேட்டார்கள், இருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது.

நானும் இந்த இரண்டு வருஷத்தில் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா இன்று கூரைக்குத் தார்ப்பாய் மாற்றினார். விறகைப் பிளந்து மழை படாமல் அடுக்கினார். கேஸ் புத்தகம், கரண்டு அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அம்மாவுக்குக் காட்டினார். அவர் இப்படியெல்லாம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கதவு கொக்கிகூட இப்போது சரியாக விழுகிறது.

நல்ல வெயில். அப்பளம் காயவைத்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

பஸ் ஸ்டாண்டு வழியாகக் கடைக்குப் போனேன். அது சுற்று வழி. ஏகாம்பரம் மாமா கடலை வறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "எவ்ளோக்கு?" என்று நிமிராமல் கேட்டார். நான் நடந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றும் அப்படியே.

ஆகஸ்ட் 23, சனி

'அனைத்துக்கட்சி அமைதிக்குழுக் கூட்டம்' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. ஊர் ஒற்றுமைக்காகவும், நிலுவையில் உள்ள வழக்குகளைச் சுமுகமாக முடிப்பதற்காகவும் என்று எழுதியிருந்தார்கள். நான் டைப் செய்தேன். சுமுகம் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. கம்பத்துக்குச் சண்டை போடும்போது இரண்டு கட்சி. கல்யாணத்துக்கு அனைத்துக்கட்சி. அப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போதும் அனைத்துக்கட்சி. அப்படியானால் அப்பாவும் ஏகாம்பரம் மாமாவும் அந்த 'அனைத்து'க்குள் இருக்கிறார்களா இல்லையா? கட்சி உறுப்பினர் அட்டை இருவரிடமும் இருக்கிறது. கூட்டத்துக்கு இருவரையும் கூப்பிடவில்லை.

இந்தச் சொல்லை யாரும் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் ஊர்வலமோ கூட்டமோ கடையடைப்போ ஒன்று வந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை அமைதிக்குழு என்று வந்திருக்கிறது. நல்ல சொல்தான்.

பாயிடம் இதைக் கேட்டேன். அவர் இந்த முறை வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. "நீ சீக்கிரம் வீட்டுக்குப் போ புள்ள" என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பேசிவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. பத்து ரூபாய்க் கடலை கேட்டேன். அவர் பொட்டலம் மடித்து நீட்டினார். வாங்காமல் நின்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நல்ல கண்ணால் பார்க்க அவர் முகத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"மாமா, எங்கப்பாதான் எறிஞ்சாருன்னு சொல்லியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களாமே" என்றேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

அவர் வறுகரண்டியைக் கீழே வைத்தார். "யாரும்மா சொன்னது?"

"வடமலை எங்க வீட்டுக்கு வந்து சொன்னாரு."

"எங்கிட்ட சத்தியசீலன் வேற மாதிரி சொன்னாரே. தர்மலிங்கமே வந்து, நாந்தான் எறிஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு, அபராதம் கட்டிட்டு அன்னைக்கே வந்துடுவாரு, நீ சும்மா கைய மட்டும் காட்டுன்னாரே."

"அபராதம் இல்ல மாமா. ஜெயிலு."

வாணலியில் கடலை கருகும் வாசனை வந்தது. அவர் கவனிக்கவில்லை. கடலை கருகுகிறது என்று நான்தான் சொன்னேன். அதற்குமேல் நிற்காமல் ஓடி வந்துவிட்டேன். கடலையும் வாங்கவில்லை, காசும் கொடுக்கவில்லை.

அப்பா ஒப்புக்கொண்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிடிவாதம் பிடிப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எது பொய்? இரண்டுமா? இரண்டு கட்சியும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாகச் சொன்னார்களா? நான் போய்ச் சொன்னதால் மாமாவுக்குக் கோபம் வந்து இன்னும் கெட்டுவிட்டால்? அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு நாளாகக் கடலை வண்டி இல்லை. அப்பா முடி வெட்டிக்கொண்டார். அம்மா அவருடைய வேட்டியைத் துவைத்து, நீலம் போட்டு, இரண்டு முறை பிழிந்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மாவும் நானும் கோர்ட் வராந்தாவில் நின்றோம். வடமலையும் சத்தியசீலனும் ஒரே காரில் வந்தார்கள். வடமலை அப்பாவின் தோளைத் தட்டினார். முகிலன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் கூப்பிட்டதும் அப்பா உள்ளே போனார். ஒரு துணிப்பையில் போர்வை வைத்திருந்தார். அதை அம்மாவிடம் கொடுத்தார், பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஏகாம்பரம் மாமா கூண்டில் ஏறினார். அரசு வக்கீல், உங்களைத் தாக்கியவர் இங்கே இருக்கிறாரா, அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். மாமா முகத்தை மெதுவாகத் திருப்பி ஆறு பேரையும் பார்த்தார். அப்பாவிடம் வந்ததும் நின்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவரு எறியலிங்கய்யா" என்றார் மாமா.

வக்கீல், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"யோசிக்க ஒண்ணுமில்லிங்க. அவரு ரெண்டு கையும் கம்பத்து மேல இருந்துச்சு. எங்க ஆளுங்க ஆட்டி விட்டுட்டாங்க, கம்பம் டீக்கட மேல சாயுது. கடைக்குள்ள பொம்பளைங்க, புள்ளைங்க. இவரு அந்தப் பக்கம் புடிச்சாரு, நான் இந்தப் பக்கம் புடிச்சேன். ஏகாம்பரம் விட்டுடாத, ஏகாம்பரம் விட்டுடாதன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான் விடல. அதான் பாட்டில் வர்றத பாத்தும் கையால தடுக்க முடியல."

யார் எறிந்தது என்று நீதிபதியே கேட்டார். மாமா முகிலனைக் காட்டினார். சண்டையன்று ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிப் படுத்திருந்தபோதே இதைச் சொன்னதாகவும், தன் கட்சிக்காரர்கள்தான் போலீசுக்கு ஆறு பேர் பெயரை எழுதிக்கொண்டு போனதாகவும் சொன்னார்.

அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். அப்பா நிமிர்ந்தார். "அவரு சொல்றது நெசம்" என்றார். அவ்வளவுதான்.

வழக்கு முடியவில்லை. அக்டோபரில் அடுத்த வாய்தா. அப்பா எங்களோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் மாமாவும் இருந்தார், முன்பக்கம். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு வருஷமாக அப்பா இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் புரியவில்லை. கட்சிக்காரர் ஒருவர் அவங்க ஆளோடு சேர்ந்து கம்பத்தைப் பிடித்ததில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறதா?

ஆகஸ்ட் 30, சனி

அம்மாவை மில்லுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைக்கு இரண்டு நோட்டீஸ் வந்தன. ஒன்று அப்பாவின் கட்சி, ஒன்று அவங்க கட்சி. பாய் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "நான் அடிக்கிறேன், நீ வெளியில போய் டீ சாப்புட்டு வா" என்றார். நானே செய்கிறேன் என்றேன்.

கட்சியின் கட்டுப்பாட்டை மீறியும், கட்சிக்குக் களங்கம் ஏற்படும் வகையிலும் செயல்பட்டதால், அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் எவரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் நோட்டீஸில் அப்பா பெயர். இரண்டாவதற்கு நான் தனியாக ஒன்றும் டைப் செய்யவில்லை. அதே வாசகம், அதே கமா. பெயரையும் கலரையும் மட்டும் மாற்றினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று கல்யாணம். தெருவே மண்டபத்துக்குப் போய்விட்டது. புது ஃப்ளெக்ஸில் பேட்ஜ் இல்லை, பாய் வேறு படம் வாங்கிப் போட்டுவிட்டார். எங்களை யாரும் அழைக்கவில்லை. பாட்டுச் சத்தம் மட்டும் வீடு வரைக்கும் கேட்டது.

பொழுது சாயும்போது ஏகாம்பரம் மாமா வந்தார். வாசலில் நின்று, கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "அன்னைக்கு வாங்காம போயிட்ட" என்றார். அப்பா எழுந்தார். உட்காரச் சொல்லலாமா என்று அவருக்கே தெரியவில்லை. அம்மாதான் கோரைப்பாயை விரித்தாள்.

ரொம்ப நேரம் இருவரும் மண்டபத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். கோர்ட்டைப் பற்றிப் பேசுவார்கள், கம்பத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன்.  பிறகு மாமா குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, தண்ணீர் உப்பாக இருக்கிறது என்றார்.

"தண்ணி டேங்க்கு எங்க ஆட்சியில கட்டினது. வருஷம் இருவதாவுது, ஒரு விரிசல் இல்ல" என்றார் அப்பா.

"டேங்க்கு கட்டினீங்க. தண்ணி வுட்டது யாரு? பைப்பு போட்டது எங்க ஆட்சியில."

"பைப்பா அது? போட்ட மாசமே ஒடஞ்சிது. கமிஷன் பைப்பு."

"கமிஷனப் பத்தி நீ பேசற பாரு தர்மா. ரேஷன் கட கட்டினீங்களே, செவுத்துல ஆணி அடிச்சா ஆணி அந்தப் பக்கம் வருது."

அப்பாவின் குரல் உயர்ந்தது. மாமா பாயைத் தட்டித் தட்டிப் பேசினார். அடித்துக்கொள்வார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த எலெக்சனில் உங்களுக்கு டெபாசிட்டே கிடைக்காது என்று அப்பா சொன்னார். உங்களுக்கு நிற்க ஆளே கிடைக்காது என்று மாமா சொன்னார். எங்க கட்சி, எங்க கட்சி என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் நீக்கிய நோட்டீஸ் தெருமுனையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நான்தான் அடித்தேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மாமாவையும் கணக்கில் சேர்த்து, அரிசியை இன்னொரு ஆழாக்கு அளந்து உலையில் போட்டாள்.